பாளையங்கோட்டையில் புற்றுநோய்க் குடும்பங்களுக்கான தொண்டு இல்லம்: பத்து மாத அனுபவத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மாடி வைத்த பழைய வீடு ஒன்றில், புற்றுநோய் வந்தவர்களின் குடும்பங்களுக்கென்று ஒரு தொண்டு இல்லம் நடந்து வருகிறது. கட்டணம் எதுவும் இல்லை. சென்ற ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்திலிருந்து இந்தப் பங்குனி வரை என் அக்காவும் அத்தானும் நானும் அங்கே தங்கியும் போய் வந்தும் இருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் அவர்கள் செய்வதையும் செய்யத் தவறுவதையும் ஓரளவு முழுமையாகப் பார்த்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். எழுதத் தூண்டியது ஒரே ஒரு வருத்தம்தான். அந்த வாசலுக்கு நாங்கள் ஐந்து வாரம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். பிந்தியதற்குக் காரணம் அப்படி ஓர் இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாமல் போனதுதான்.

அக்காவுக்கு முக்கூடல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பீடி சுற்றுகிறாள். வைகாசியில் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் எங்களுக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு பரிசோதனைக்குப் பிறகு இன்னொன்று என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது வாரம் அக்காவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. தசை எடுத்துப் பார்த்த முடிவு கைக்கு வந்தபோது, சிகிச்சைக்கு ஆகும் செலவாக அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு அத்தான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு இரண்டு வாரம், உறவினர் ஒருவர் சொன்ன பச்சிலை மருந்து. அரசு மருத்துவமனைக்கு வந்தபோது, புறநோயாளிகள் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்தான், "மதினி, அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டியளா?" என்று அக்காவிடம் கேட்டு வழி சொன்னார். அன்று பிற்பகல் போனோம்.

முதல் நாள் அனுபவத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த இல்லத்தின் தன்மை முழுவதும் அந்த ஒரு மணி நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. முன்னறையில் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா, நான் கையில் வைத்திருந்த கோப்பை வாங்கவே இல்லை. "அண்ணாச்சி, காயிதத்த எல்லாம் பெறவு பாப்போம். காலைல சாப்பிட்டியளா?" என்றார். மணி அப்போது மூன்று. நாங்கள் மூவருமே சாப்பிட்டிருக்கவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. சோறும் சொதியும் வந்தன. சாப்பிட்டு முடித்த பிறகு கோப்பை வாங்கி, தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்பதை அக்காவிடம், அக்காவைப் பார்த்தே, தமிழில் சொன்னார். அதுவரை எந்த இடத்திலும் எல்லாரும் என்னைப் பார்த்தோ அத்தானைப் பார்த்தோதான் பேசியிருந்தார்கள். நோய் யாருக்கு என்று கேட்டு அவளிடமே பேசியது அதுதான் முதல் முறை. என்ன நிலை, எந்தச் சிகிச்சை என்பனவற்றை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்ல மாட்டோம் என்று தெளிவாகக் கூறிவிட்டு, மறுநாள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை அக்கா இன்னும் வைத்திருக்கிறாள்.

அவர்கள் செய்யும் வேலையில் எல்லாவற்றிலும் பெரியதாக நான் கருதுவது அலைச்சலைக் குறைப்பதை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும் என்பதும், அதில் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும் என்பதும் செய்தித்தாள் படிக்கும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் அக்கா வீட்டில் அந்தக் காப்பீட்டு அட்டை இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பிறகு கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையம் என்று போகும் வழி, வீட்டில் ஒருவர் படுத்த பிறகு நடக்கும்போது எத்தனை நீளம் என்பதை நடந்தவர்களே அறிவார்கள். இல்லத்தின் தன்னார்வலர் ஒருவர், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், எந்தத் தாள் முதலில், எந்தத் தாள் பிறகு என்று வரிசை சொல்லி, எங்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்கும் வந்தார். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு, ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துக் குடும்பங்கள் இன்னும் பழைய பழக்கத்தில் கொக்கிரகுளம் வந்து ஒரு நாளை வீணாக்கித் திரும்புகிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டார். அவர்கள் தென்காசிக்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட சிறிய செய்தி ஒன்றுக்கு ஒரு நாள் கூலியும் ஒரு நோயாளியின் உடல் தெம்பும் விலையாகப் போகின்றன.

பீடித் தொழிலாளர்களுக்கு வேறோர் உதவியும் உண்டு. பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. அதன்படி மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு வழியாக மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கிடைப்பதை எங்கள் பக்கத்தில் பலரும் அறிவார்கள். அதே அடையாள அட்டை மருத்துவத்துக்கும் உதவும் என்பதை அக்கா அறிந்திருக்கவில்லை. தகர டப்பாவில் கத்தரியோடும் நூற்கண்டோடும் கிடந்த அட்டையை அத்தான் ஊருக்குப் போய் எடுத்து வந்தார்.

இன்னொரு குடும்பத்துக்கு அவர்கள் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். நாங்குநேரிப் பக்கத்துச் சிறுவன் ஒருவனுக்கு ரத்தப் புற்றுநோய். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு மாற்றியிருந்தார்கள். புற்றுநோய் நோயாளி சிகிச்சைக்காகப் போகும்போது ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்பதன வகுப்பிலும் அவருக்குக் கட்டணம் இல்லை, துணைக்குப் போகும் ஒருவர் கால் பங்கு கட்டினால் போதும், அதற்கு மருத்துவமனையிலிருந்து உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும் என்று அந்த அம்மா விளக்கியபோது, சிறுவனின் தந்தை, "இதுவரைக்கும் நாலு தடவ முழு டிக்கெட் எடுத்துட்டோமே" என்று சொல்லி அமைதியாகிவிட்டார். சிறுவர்களுக்கு வரும் அந்த வகை நோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேலும் நீளும். அத்தனை பயணத்துக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த ஒரு வரிச் செய்தியின் மதிப்பு விளங்கும்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறைகள் சிறியவை, சுத்தமானவை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, நோயாளியோடு ஒருவர் மட்டும். கதிர்வீச்சு நாட்களில் இந்த இடம் இல்லாமல் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை. மூன்று வாரம், வாரத்துக்கு 5 நாள், ஆக 15 முறை அக்காவுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காக முக்கூடலிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து, தோல் கறுத்துக் காந்தும் நிலையில் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்புவதென்றால் அவள் பாதியில் நிறுத்தியிருப்பாள் என்றே நினைக்கிறேன். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு மிச்சம்தான். ஆனால் உடம்புக்கு மிச்சம் இல்லை. திங்கள் காலை வந்து வெள்ளி மாலை ஊர் திரும்பினோம்.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. வேதிமருந்து (கீமோதெரபி) ஏறிய முதல் வாரத்தில் அக்காவின் வாய் முழுவதும் புண். உப்பு பட்டாலே கண்ணில் நீர் வரும். இல்லத்தின் சமையல்காரர், அவரை எல்லாரும் ஆச்சி என்றுதான் அழைக்கிறார்கள், புழுங்கலரிசிக் கஞ்சியைக் குழைய வடித்து, ஆறவைத்து, மிளகாய் சேர்க்காத பருப்புத் துவையலோடு தருவார். புண் ஆறிய வாரத்தில் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சைக் காய், வெட்டி வைத்த பழம், வெளியே விற்கும் பதநீர் எதுவும் கூடாது என்று அவரே சொல்லித் தடுத்துவிடுவார். பார்க்க வரும் உறவினர்கள் கையில் கொண்டு வரும் பொட்டலங்களைக் கூட வாசலிலேயே கேட்டு வாங்கி வைத்துவிடுவதில் எனக்கு முதலில் மனத்தாங்கல் உண்டாயிற்று. பிறகு காரணம் புரிந்தது.

அங்கே முழுநேரமாக ஒரு செவிலியர் இருக்கிறார். அவர் எந்த மருந்தும் கொடுப்பதில்லை. மருத்துவர் சொன்னதை வீட்டார் சரியாகப் புரிந்துகொண்டார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வெப்பமானி கொடுத்து, அதில் 100.4 என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்கள். வேதிமருந்து கொடுத்து ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை உடலில் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்திருக்கும். அப்போது அந்தக் கோட்டைத் தாண்டினால் மாத்திரை போட்டுப் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று எங்களை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தார். இரண்டாவது சுற்று முடிந்த பன்னிரண்டாம் நாள், ஞாயிறு இரவு, கோடு தாண்டியது. முக்கூடலிலிருந்து வாடகைக் கார் பிடித்து நள்ளிரவுக்குள் வந்து சேர்ந்துவிட்டோம். அந்தச் சிவப்புக் கோடு இல்லையென்றால் காய்ச்சல் மாத்திரையோடு காலை வரை இருந்திருப்போம். அதை எண்ணும்போது இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். பிற்பாதி வேதிமருந்து வாரம் ஒரு முறை ஏறியது. ஐந்தாவது வாரம் வாக்கில் அக்காவின் விரல் நுனிகள் மரத்துப்போயின. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெம்பு இருந்த நாட்களில் வீட்டில் இருந்தபடியே கொஞ்சம் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பீடியின் தலையை மடக்குவதற்கு விரல் நுனியின் உணர்வுதான் எல்லாம். அவள் கொண்டு போட்டதில் பாதிக்கு மேல் கழிவென்று தள்ளிவிட்டார்கள். கை பழக்கம் விட்டுப் போனது என்று அவள் நினைத்துக்கொண்டாள். செவிலியர் ஏதோ பேச்சுவாக்கில், "அக்கா, ரவிக்கை கொக்கி போட முடியுதா?" என்று கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. அது மருந்தின் விளைவு, மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், சொல்லாமல் விட்டால் நிலைத்துவிடக்கூடும் என்று விளக்கி, அடுத்த முறை தாமே உடன் வந்து மருத்துவரிடம் சொல்லவைத்தார். அளவு குறைக்கப்பட்டது. விரல்கள் இப்போது முக்கால் பங்கு தேறிவிட்டன. பீடித் தூளால்தான் இந்த நோய் வந்ததா என்று அக்கா அவரிடம் ஒரு முறை கேட்டாள். ஒருவருக்கு ஏன் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, நீங்கள் செய்த எதனாலும் வந்தது என்று நினைக்க வேண்டாம் என்று அவர் சொன்ன பதிலில் உண்மையும் இருந்தது, பரிவும் இருந்தது.

குடும்பங்களுக்கான இல்லம் என்று இவர்கள் சொல்லிக்கொள்வது வெறும் சொல்லாக இல்லை. அத்தானுக்குச் சர்க்கரை உண்டு. அக்காவின் மாத்திரைகளை மணி தவறாமல் கொடுத்தவர் தம்முடைய மாத்திரையை ஒரு மாதமாக வாங்கவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான். அக்காவின் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மகன் பத்தாம் வகுப்பு. பையனிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லியிருந்தோம். அக்காவின் முடி உதிர்ந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் படிப்பதை நிறுத்தினான், யாரோடும் பேசுவதை நிறுத்தினான். அங்கே வாரம் இரு நாள் வரும் மனநல ஆலோசகர், பிள்ளைகளிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள், மறைத்தால் அவர்கள் இதைவிடக் கொடியதைக் கற்பனை செய்துகொள்வார்கள் என்று சொன்னபோது நான் கடுமையாக எதிர்த்தேன். பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் இதை ஏற்றுவதா என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை அக்காவே அவனிடம் சொன்னாள். அன்றிரவு அவன் அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தான். மறுநாள் புத்தகத்தை எடுத்தான். என் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

குணமாகும் வாய்ப்பு இல்லாதவர்களுக்கும் அவர்கள் துணை நிற்கிறார்கள். சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு வாயில் புற்று. வலியில் இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். மருத்துவர் மார்பின் எழுதியபோது அவர் மகன், அதைக் கொடுத்தால் முடிவு வந்துவிட்டதென்று பொருள் என்று வாங்க மறுத்தார். நாலு மணிக்கு ஒரு முறை, சொன்ன அளவில், மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அது வலியைத் தணிக்கும் மருந்துதான் என்று செவிலியர் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்தார். போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி இந்த மருந்து நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்க நாடாளுமன்றம் வழி செய்திருந்தும், வலியோடு இருப்பதுதான் விதி என்ற நினைப்பு எங்கள் பக்கத்தில் இன்னும் மாறவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் 2003இல் தொடங்கிய பேலியம் இந்தியா போன்ற அமைப்புகள் இந்த நினைப்பை மாற்றப் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. அந்தப் பெரியவர் அதன் பிறகு இரண்டு மாதம் இருந்தார். படுத்துத் தூங்கினார்.

பண உதவி பற்றி எதிர்பார்ப்போடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் பணமாக எதையும் அவர்கள் தருவதில்லை. காப்பீட்டில் வராத பரிசோதனைக்கோ மருந்துக்கோ ஆய்வகத்துக்கும் கடைக்கும் நேராகச் செலுத்திவிடுகிறார்கள். கட்டியின் வகையை அறியச் செய்யும் ஒரு சோதனையை வெளியே செய்ய வேண்டியிருந்தபோது எங்களுக்கும் அப்படித்தான் செலுத்தினார்கள். நம்பவில்லையோ என்று அத்தானுக்கு அது சற்று உறுத்தியது. கடன்காரர்கள் வாசலில் நிற்கும் வீட்டில் கைக்கு வரும் பணம் மருந்துக்குப் போய்ச் சேருவதில்லை என்பதைப் பல வீடுகளில் பார்த்துத்தான் அந்த விதியை வைத்தார்கள் என்று பிறகு அறிந்தேன். நன்கொடை தர நினைப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. வருமானவரிச் சட்டத்தின்படி கழிவு கோருவதானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. வங்கி வழியாகத்தான் தர வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை. வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்னறைச் சுவரில் ஒட்டுகிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். நான் படித்தேன்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்பீடாகாது. மாலை 6 மணிக்குப் பிறகு தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. காய்ச்சல் வந்த அந்த ஞாயிறு இரவு நான் பலமுறை அழைத்தும் பதில் இல்லை. முன்பே சொல்லிக் கொடுத்திருந்ததால் தப்பினோம். புதிதாக வந்த குடும்பமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்டதற்கு, இரவுக்கு ஆள் இல்லை என்றார்கள். நான்கு தன்னார்வலர்கள் முறை வைத்துக்கொண்டாலே தீரக்கூடிய குறை அது. குளியலறைகளில் பாதி மாடியில் இருக்கின்றன. படிக்கட்டில் பிடி ஒரு பக்கம்தான். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு கையை உயர்த்த முடியாதவர்களுக்கு அந்தப் படி பெரிய சோதனை. அறைகள் போதவில்லை. கதிர்வீச்சுக்கு இடம் கேட்டு இரண்டு வாரம் காத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன்.

இவை எல்லாவற்றிலும் பெரிய குறை, இந்த இடம் யாருக்கும் தெரியாமல் இருப்பது. இதை நான் அவர்களிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. வாசல் பலகையில் புற்றுநோய் என்ற சொல் இல்லை. இல்லத்தின் வண்டியில் எதுவும் எழுதவில்லை. தொடக்கத்தில் எழுதியிருந்தார்களாம். அந்த வண்டி வந்து தெருவில் நின்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று குடும்பங்கள் அஞ்சியதால் அழித்துவிட்டார்கள். என் அக்காவே முதல் மாதம், "ஊர்ல யார்ட்டயும் சொல்லிராத தம்பி, பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவள்தான். தாய்க்கு இந்த நோய் என்றால் மகளைப் பெண் கேட்டு வர மாட்டார்கள் என்ற அச்சம் எங்கள் பக்கத்தில் இல்லாத வீடு இல்லை. அந்த அச்சத்தை மதித்துத்தான் இல்லத்தார் அடக்கமாக இருக்கிறார்கள். உதவி பெறுகிறவரைக் காசோலையோடு நிறுத்திப் புகைப்படம் எடுத்துப் போடும் வழக்கம் அங்கே அறவே இல்லை. நன்கொடையாளர் ஒருவர் அப்படி ஒரு படம் கேட்டதற்கு, வேண்டுமானால் சமையலறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியதை நான் நேரில் பார்த்தேன். அதற்காக அவர்களை வணங்கத் தோன்றியது.

ஆனால் நோயாளியை மறைத்துக் காப்பது ஒன்று, இல்லத்தையே மறைத்து வைப்பது வேறொன்று. முன்னது கடமை. பின்னதால் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் களக்காட்டிலும் எத்தனையோ வீடுகள் நகையை அடகு வைத்துக்கொண்டிருக்கின்றன. இப்போது அவர்கள் செய்யும் விளம்பரம் ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி 4ஆம் நாள் உலகப் புற்றுநோய் நாளன்று, மாணவர்களைக் கொண்டு ஒரு பேரணி. அதில் கொடுக்கும் துண்டறிக்கையில் நோயின் அறிகுறிகள் நிறைய இருக்கின்றன. வந்தால் என்ன கிடைக்கும் என்பது கடைசி இரண்டு வரியில், சிறிய எழுத்தில் இருக்கிறது. துண்டறிக்கையைத் திருப்பிப் போட வேண்டும். தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, காப்பீட்டு அட்டைக்கு வழிகாட்ட ஆள் உண்டு, காசு வேண்டாம், பெயர் வெளியே போகாது என்ற ஐந்து செய்திகளும் மேலே, பெரிய எழுத்தில் வர வேண்டும்.

அதைக் கொண்டு சேர்க்கும் இடங்களும் மாற வேண்டும். கல்லூரி வாசலில் கொடுப்பதைவிடப் சுற்றிய பீடியைக் கொண்டு போடும் பீடி நிறுவனக் கிளைகளில் கொடுக்கலாம். அங்கே வாரந்தோறும் பெண்கள் வரிசையில் காத்து நிற்கிறார்கள். பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் ஞாயிறு அறிவிப்பிலும், மேலப்பாளையம் பள்ளிவாசல்களில் ஜும்மாவுக்குப் பிறகும், அம்மன் கோயில் கொடை விழாவின்போது ஒலிபெருக்கியிலும் இரண்டு வரி சொல்லச் சொல்லிக் கேட்டால் மறுப்பவர் யார்? 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் இந்த இல்லத்தின் அட்டை ஒன்று இருந்தால் போதும். நகையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போன அடகுக்கடைத் தெருவிலேயே ஓர் அறிவிப்பு இருந்திருந்தால் எங்கள் கதை வேறாக இருந்திருக்கும். இதை நான் சொன்னபோது அந்த மேசை அம்மா குறித்துக்கொண்டார். பங்குனி முதல் வாரம் முக்கூடல் கிளைக்குக் கொடுக்கவென்று ஐம்பது தாள் கட்டி என்னிடமே தந்துவிட்டார். அக்கா அதில் பத்தை எடுத்துக்கொண்டாள். யாருக்குக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தம் தங்கையை 1923இல் இந்த நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டுகள் அந்த நினைப்பை விடாமல் வைத்திருந்து, ஊர் ஊராகப் பொதுமக்களிடம் நிதி கேட்டு அதை எழுப்பினார். கேட்பதற்கு அவர் கூச்சப்படவில்லை. பாளையங்கோட்டை இல்லத்தார் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைத் தற்பெருமை என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் அவர்கள் விட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். முன்பதிவு இல்லை, முதல் முறை நேரில் போக வேண்டும். புறநோயாளிச் சீட்டு, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் இருந்தால் போதும். காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். நோய் உறுதியாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தசைப் பரிசோதனைக்குக் கொடுத்த அன்றே போகலாம். பரிசோதனை முடிவுத்தாளோடு, தசையைப் பதித்த மெழுகுக்கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது மறுபடியும் ஊசி குத்தாமல் அதிலேயே பார்க்கலாம். எங்களிடம் இதை யாரும் சொல்லாததால் அக்காவுக்கு இரண்டு முறை தசை எடுத்தார்கள். வாங்கியதை ஈரம் படாமல், வெயில் படாமல், சிறிய டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். டப்பா இல்லையென்றால் அதையும் அந்த அம்மா தருகிறார்.